ஒரு பாட்டில் கடலும் என் டிடிஎஸ் மீட்டரும்

தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதுதான் என் வேலை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதுதான் ஆர்.ஓ. பிளான்ட். அதற்கு நானே ராஜா, நானே மந்திரி, நானே காவலாளி. எண்ணூறு பேர் குடிக்கும் தண்ணீர் என் கையைத் தாண்டித்தான் போகிறது. இந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு என்று என் மனைவி சொல்வாள்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். நான் டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி அது. கல்யாண வீட்டில் டம்ளரில் விட்டுப் பார்ப்பேன், ஓட்டலில் விட்டுப் பார்ப்பேன். ஒருமுறை மாமியார் வீட்டில் சொம்பில் விட்டுப் பார்த்து, "எழுநூத்தி எம்பது" என்று சத்தமாகச் சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காப்பி மட்டும்தான் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு உப்பு பேசுகிற நான் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் மைசூர். கல்யாணமான பிறகு சுற்றுலா என்றாலும் மைசூர். கடல் என்பது எனக்கு டிவியில் புயல் வரும்போது நிருபர் குடையோடு நின்று கத்தும் இடம்.

ஊரில் அப்பா போட்ட மூன்றாவது போர்வெல்லில்தான் தண்ணீர் வந்தது. வந்ததும் உப்புத் தண்ணீர். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு இந்த வேலை கிடைத்ததும் முதல் காரியமாக ஊருக்குப் போய் அதை அளந்தேன். இரண்டாயிரத்து நானூறு. அப்பாவிடம் சொன்னேன். "அந்த மெஷினு ஒண்ணு நம்ம ஊட்டுக்கும் போடலாமாடா?" என்று கேட்டார். "போடலாம்பா" என்றேன். நான்கு வருடம் அதையே சொன்னேன். பிறகு அப்பா போய்விட்டார், நானும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இன்னொருவருடைய அப்பாவைப் பற்றி.

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு பெரிய வார்ப்பு மெஷின் வந்தது. அதை நிறுவித் தருவதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ஜூலு இனத்தவர். கதவில் நுழையும்போது தலையைக் குனிய வேண்டிய உயரம். வந்த மூன்றாம் நாளே எல்லோரையும் "அண்ணா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். ஜெனரல் மேனேஜரும் அண்ணா, கேட்டில் நிற்கும் வாட்ச்மேனும் அண்ணா, கேன்டீனில் இட்லி வைக்கும் அம்மாவும் அண்ணா. வளாகத்துக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தார். அவரும் நானும் பேசியதை ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலத்துக்கே கோபம் வரும். அதனால் அதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

வியாழக்கிழமைதோறும் கெஸ்ட் ஹவுஸ் அறைகளில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது என் வழக்கம். அந்த வியாழன் அவர் அறைக்குப் போனேன். அவர் மெஷின் நிறுவும் ஷெட்டில் இருந்தார். மேஜை மேல், ஜன்னல் ஓரமாக, இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. கலங்கல். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல். மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி வாடை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கடல் கடந்து வந்த மனிதருக்கு என் பிளான்ட் இருக்கும்போது இப்படி ஒரு தண்ணீரை எவன் கொடுத்தான்? மீட்டரை விட்டேன். எண்கள் ஏறின, ஏறின, அப்புறம் எண்ணே காணவில்லை, ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து நின்றது. பத்து வருடத்தில் அந்த மீட்டர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

அடுத்து நான் செய்ததை முழுப் பெருமையோடு செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டிலை வெளிக் குழாயடியில் கவிழ்த்தேன். மணல் போகும்வரை பிரஷ் போட்டுக் கழுவினேன். பிளான்ட்டுக்கு ஓடிப்போய், டிடிஎஸ் நாற்பதில் நல்ல தண்ணீர் நிரப்பினேன். "சோதிக்கப்பட்டது – திருப்தி" என்று லேபிள் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, அதே ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அவர் தேடி வந்து நன்றி சொல்வார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

தேடி வந்தார். பாட்டிலைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "பழைய தண்ணி ரொம்ப மோசம் சார். எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

கொட்டகையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகள் மேல் அவர் மெதுவாக உட்கார்ந்தார். தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னருக்குப் போடுகிற உப்பு அது. மூட்டை அமுங்கியது. அப்புறம் பொறுமையாகச் சொன்னார். அது டர்பன் கடல் தண்ணீர். அவர் அம்மாவே கடற்கரைக்குப் போய், காசு போட்டு, கடலிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தது. அவர்கள் ஊர் நம்பிக்கைப்படி, செத்துப்போன பெரியவர்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. அமாட்லோசி என்று அவர்களுக்குப் பெயர். கூடவே இருந்து பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அவருடைய அப்பா போன வருடம் இறந்துபோனார். அதனால் தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வாசலில் தெளித்து, "பாபா, நான் இங்கே இருக்கேன், இன்னைக்கு இந்த வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். பாபா என்றால் அப்பா.

"திங்கட்கிழமை மெஷினை முதல் தடவை ஓட்டணும். இவ்வளவு பெரிய மெஷின் எனக்கு இதுதான் முதல். அப்பாகிட்டச் சொல்லாம நான் சுவிட்ச் போட மாட்டேன்."

இதில் எனக்கு விளங்காதது ஒன்றுமில்லை. பூசணிக்காய் உடைக்காமல், எலுமிச்சம்பழம் நசுக்காமல் ஒரு மெஷினுக்கு சுவிட்ச் போட்டதாக எங்கள் கம்பெனி சரித்திரத்திலேயே கிடையாது. விளங்கியதால்தான் அவர் கையிலிருந்த பாட்டிலில் என் லேபிளைச் சுரண்டி எடுக்கப் பார்த்தேன்.

"எங்க கொட்டினீங்க?" என்று கேட்டார்.

வெளிக்குழாய்த் தண்ணீர் வாட்ச்மேன் அறை ஓரமாக இருக்கும் செம்பருத்திச் செடிக்குப் போகும். சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால், அந்த ஆறடிக்கு மேற்பட்ட மனிதர் செம்பருத்தி முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் பக்கத்தில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பெரிய ஆபீசர் பேசறாரு, நாம சும்மா நிக்க முடியுமா?" என்றார்.

ஆனால் அது போதாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அன்று அவர் மெஷின் பக்கம் போய் போல்ட்டுகளைச் சரிபார்த்ததோடு சரி. சுவிட்ச் பெட்டியைத் திறக்கவில்லை.

நான் கேன்டீன் மாஸ்டரிடம் போய் அழுதேன். அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். கடல் என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

"இதுக்கா வே இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியுதீரு?" என்றார். "ஒம்ம கொட்டாயில கெடக்க உப்பு எங்கேருந்து வருது?"

"தூத்துக்குடி."

"எங்க கடல்ல காய்ச்சி எடுத்த உப்பு. கடல்லேருந்து தண்ணிய எடுத்தா உப்பு. உப்புல தண்ணிய ஊத்துனா?"

அந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. என் தொழில் அறிவு முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதிய ஷிஃப்ட் முழுக்க நாங்கள் இருவரும் கடல் செய்தோம்.

லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு என்று போன் சொன்னது. என் மீட்டரால் அவ்வளவு அளக்க முடியாது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து அளந்தேன். கச்சிதமாக வந்தது. மாஸ்டர் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "கசப்பு பத்தல" என்றார். கம்பெனி லேபாரட்டரியிலிருந்து மெக்னீசியம் உப்பு கொஞ்சம் வாங்கி வந்தேன். "இப்ப சரி. ஆனா வாடை இல்லையே வே" என்றார். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. நெத்திலிக் கருவாட்டைத் துணியில் கட்டி அரை மணி நேரம் ஊறப்போட்டார். கடைசியாக, புது ஷெட் கட்டுவதற்குக் கொட்டியிருந்த எம் சாண்டில் ஒரு கைப்பிடி. பாட்டிலைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "எங்கூரேதாம் வே" என்றார்.

பழக்க தோஷத்தில் என் கை லேபிளை எடுத்தது. மாஸ்டர் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னென்ன பொய் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். தெரிந்தவர் சென்னையிலிருந்து வந்தார், அவரிடம் சொல்லிவைத்தேன், இத்யாதி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். அப்படியே வாசலில் முட்டி போட்டார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நடுவில் என் பெயர் வந்தது.

"என்ன சொல்றீங்க சார்?"

"முதல்ல உங்களைத்தான் அறிமுகப்படுத்துறேன். பாபா, இவர் என் அண்ணன், உங்களுக்காகக் கடலைக் கொண்டு வந்திருக்கார்னு சொல்றேன்."

மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றப் போனார். உயிரோடு இருப்பவர்களிடம் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். அப்பாவிடமே நான்கு வருடம் சொன்னேன். ஆனால் ஒரு செத்துப்போன மனிதரிடம், அதுவும் அறிமுகமாகிற முதல் நிமிடத்திலேயே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சார், ஊத்தாதீங்க. அது கடல் இல்ல, கருவாடு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெக்னீசியம், எம் சாண்ட், மாஸ்டரின் கண்ணீர் உட்பட. அவர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆள் சரிந்து சுவரில் சாய்ந்து சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அண்ணா, எங்க அப்பா வாழ்க்கையில ஒரு தடவைகூட மீன் தொட்டதில்ல. மீன் வாடை வந்தா எழுந்து போயிடுவார். இதைத் தெளிச்சிருந்தா இந்தியாவை விட்டே ஓடியிருப்பார்."

பிறகு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். சிவப்புத் துணி தலையில் கட்டிய ஒரு அம்மா வந்தார். மகன் சொல்லச் சொல்ல அவரும் அப்படியே சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைக் காட்டச் சொன்னார். இப்போது சிரிப்பு இல்லை. நிதானமாக இரண்டு வாக்கியம் பேசினார். மகன் எனக்குச் சொன்னார்:

"உங்க பக்கத்துலயும் அதே கடல்தானே, போய்க் கேட்டு எடுத்துக்கன்னு அம்மா சொல்றாங்க. ஆனா கொட்டினவர்தான் வந்து கேக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கம்பெனிக் காரில் கிளம்பினோம். அவர், நான், டிரைவர், கடல் அனுபவம் உள்ள ஒரே ஆள் என்ற முறையில் புளியோதரையோடு கேன்டீன் மாஸ்டர். குருபரப்பள்ளியில் டீ குடித்தோம். என் கை சட்டைப் பைக்குப் போனது. "டீயிலயுமா?" என்று மாஸ்டர் கேட்டதால் எடுக்கவில்லை. மதியத்துக்கு முன்பே சென்னையைத் தொட்டு, கூட்டம் குறைந்த ஒரு கரையாகப் பார்த்து இறங்கினோம்.

கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். இதன் உப்பை வடிகட்ட எத்தனை மெம்பிரேன் தேவைப்படும் என்று தோன்றியது. கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. இவ்வளவையும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பயம். அது நல்லாவும் இருந்தது.

அவர் ஷூவைக் கழற்றினார். அலை எட்டாத இடத்தில் நின்றார். வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் பாயப் போன மாஸ்டரைக் கையால் தடுத்தார். கேட்காமல் இறங்கக் கூடாதாம். "சவுபோனா" என்றார் கடலைப் பார்த்து. அவர்கள் ஊர் வணக்கம் அது. நாங்கள் உன்னைப் பார்க்கிறோம் என்று அர்த்தமாம். ஒருத்தர் சொன்னாலும் "நாங்கள்"தானாம், பின்னால் நிற்கிற பெரியவர்களையும் சேர்த்து. சில காசுகளை அலையில் போட்டார். பிறகு அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் முன்னால் உள்ளவர்கள் என்று பெயர்களை வரிசையாகச் சொன்னார். நிறுத்தாமல் பேசினார். நடுவில் ஒருமுறை சிரித்தார். கருவாடு கதையைச் சொல்லியிருப்பார்.

பின் என் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க. முதல்ல நீங்க யாருன்னு சொல்லணும்."

என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான போர்களின் டிடிஎஸ் மனப்பாடமாகத் தெரிந்த எனக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியவில்லை.

"அம்மான்னு கூப்பிட்டுப் பேசும் வே" என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா, தெரியாம கொட்டிட்டேன். சுத்தம் பண்றதா நெனச்சுக்கினுதான் பண்ணேன். மன்னிச்சுக்கங்க. இவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். ஒரு ரூபாய் போட்டேன்.

போதும் என்று நகரப் போனேன். என் அப்பா இறந்துபோனதைக் காரில் வரும்போது சொல்லியிருந்தேன். அவர் சும்மா கேட்பது போலக் கேட்டார். "உங்க அப்பாவை எங்க வச்சிருக்கீங்க?"

"எரிச்சுட்டோம் சார். சாம்பலை ஒகேனக்கல்ல, காவிரியில கரைச்சோம்."

"அந்த ஆறு எங்க போகுது?"

பதில் ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. நான் கடலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாஸ்டரைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

நான் தனியாக நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "அப்பா, சாப்டியா?" என்றேன். பிறகு சொன்னேன். "நம்ம போருக்கு மெஷினு போடறேன்னு சொல்லிகினே இருந்தேன். போடலப்பா. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போட்டுக் குடுத்தேன். உனுக்குப் போடல." அவ்வளவுதான் சொன்னேன். அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை. டிரைவர் பார்த்துவிட்டார், சிப்காட் தொழிற்பேட்டை முழுக்கச் சொல்லியும்விட்டார்.

அப்போது ஓர் அலை வந்து என்னை மார்பு வரை நனைத்துவிட்டுப் போனது. மீட்டர் சட்டைப் பையில் இருந்தது. ஒருமுறை மினுக்கியது, அப்புறம் அணைந்தது. அதன் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் அவர், இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீரோடு வந்து.

மீட்டரைக் காட்டினேன். திரும்பி வரும் வழியெல்லாம், வாணியம்பாடி தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பிறகு அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி மெஷினைச் சுற்றித் தெளித்து, தாழ்ந்த குரலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு சுவிட்ச் போட்டார். மெஷின் ஓடியது. ஜெனரல் மேனேஜர் அதைக் கங்கைத் தண்ணீர் என்று நினைத்துக் கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்த்தும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் டர்பனுக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, ஒரு சின்ன ஆர்.ஓ. மெஷினை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். சுவரில் மாட்டி, போர் தண்ணீரை இணைத்து, முதல் டம்ளரை அம்மாவிடம் கொடுத்தேன். அளந்து பார்க்க மீட்டர் இல்லை. அம்மா ஒரு வாய் குடித்தார்.

"என்னடா இது, சப்புனு இருக்குது. தண்ணி மாதிரியே இல்ல" என்றார்.

மீதியைக் கீழே கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொட்டவில்லை. அதே டம்ளரைக் கொண்டுபோய் அப்பா படத்துக்கு முன்னால் வைத்தார்.

"அவரு குடிப்பாரு. நாலு வருஷமா கேட்டுகினு இருந்தாரு" என்றார்.